பாம்புக்கடியின் விளைவறிதல்: சப்பிரகமுவத் தோட்டங்களை மையமாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

பாம்பு கடித்த ஒருவனைச் சூழ்ந்து நிற்போர் மனத்தில் எழும் முதற் கேள்வி மருந்து எது என்பதன்று. இவன் பிழைப்பானா என்பதே. உயிர் தப்பும் என்ற உறுதி பிறந்த பின்னர் எழுவது இரண்டாவது கேள்வி: கடியுண்ட கையோ காலோ மிஞ்சுமா? மருத்துவ வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மருந்துகளின் வரலாற்றையே எழுதிச் சென்றனர். நோயினதும் காயத்தினதும் போக்கை முன்னறிந்து கூறும் கலைக்குத் தனியே ஒரு வரலாறு உண்டென்பது போதிய அளவு நோக்கப்படவில்லை. அவ்வரலாற்றின் ஒரு சிறு பகுதியை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நடுவிடமாகக் கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் எல்லையாகும்.

சப்பிரகமுவ 1889ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக்கப்பட்டது. களனி கங்கையும் களு கங்கையும் ஊறும் மலைச்சாரலும், அவை இறங்கி வரும் பள்ளத்தாக்குகளும் அதன் உடல். எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை என்று தோட்டத் தமிழர் நாவிற் பழகிய ஊர்கள் இம்மாகாணத்தைச் சேர்ந்தவை. நுவரெலியாவின் குளிர்மலைகளைப் போலன்றி இங்கே வெப்பமும் மழையும் ஒருங்கே மிகுதி. இறப்பர் மரத்தடியில் ஆண்டு முழுவதும் சருகு மெத்தையிட்டிருக்கும். தேயிலைச் செடியின் அடியில் ஈரமும் நிழலும் நீங்குவதில்லை. மண்ணரிப்பைத் தடுக்க அடுக்கிய கல்லணைகளும் வெட்டிய கான்களும் சிறு பிராணிகளுக்குப் புகலிடமாகும். தவளையும் பல்லியும் எலியும் பெருகும் இடத்திற் பாம்பு பெருகுவது இயல்பே. விடியுமுன் பால்வெட்டச் செல்பவன் அச்சருகின்மீது கால் வைக்கிறான். கொழுந்து பறிப்பவள் அச்செடிக்குள் கையை விடுகிறாள். தொழிலின் அமைப்பே கடிபடும் உறுப்பைத் தீர்மானித்துவிடுகிறது.

இந்நிலத்து நச்சுப் பாம்புகளின் பெயர்களை உற்று நோக்கின், அவற்றுட் சில பெயர்களாக மாத்திரமன்றித் தீர்ப்புக்களாகவும் இருப்பது புலனாகும். தமிழர் எட்டடி விரியன் என்பர்; கடியுண்டவன் எட்டடி நடக்குமுன் வீழ்வான் என்பது அதன் பொருள். உண்மையில் அப்பாம்பின் நஞ்சு நரம்புகளை மெல்ல மெல்லவே செயலிழக்கச் செய்வது, வலி குறைவு, இரவில் உறங்கும்போது கடிபட்டவன் காலையிற் கண்ணிமை தாழ்ந்து, மூச்சுத் திணறி இறப்பது உண்டு. எட்டடி என்ற கணக்கு அச்சத்தின் கணக்கேயன்றி அனுபவத்தின் கணக்கன்று. ஐரோப்பியரும் இவ்வகையில் விலக்கல்லர். 1820இல் ஜேர்மானிய அறிஞர் மெர்ரெம் இலங்கையின் சிறு விரியனொன்றுக்கு ஹிப்னேல் என்று பெயரிட்டார். உறக்கத்தால் உயிர் கவரும் பாம்பு என்று பழைய இலத்தீன் நூல்கள் கூறிய ஒன்றின் பெயர் அது. சருகிடையே சுருண்டு கிடக்கும், ஒரு முழத்துக்கும் மிகாத இச்சிற்றுயிருக்கு உறக்கத்தோடு யாதொரு தொடர்பும் இல்லை. சிங்களவர் இதனைக் குணகட்டுவா என்றும் பொலன் தெலிஸ்ஸா என்றும் அழைப்பர். மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த இதனைத் தமிழர் கோப்பி விரியன் என்றனர். இப்பெயருக்கு இக்கட்டுரையில் மீண்டும் வரவேண்டியிருக்கிறது.

பழைய மருத்துவ மரபில் விளைவறிதல் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் வைத்தியனை அழைக்க வரும் தூதனின் தோற்றம், சொல், நிற்கும் திசை ஆகியவற்றிலிருந்து நோயாளியின் முடிவைக் கணிக்கும் முறையை விரித்துரைக்கிறது. தென்னிந்திய விட வைத்தியத்திலும் சிங்கள சர்ப்ப விஷ வெதகமத்திலும் இத்தூத இலக்கணம் பெரிதும் போற்றப்பட்டது. வந்தவன் எப்பக்கம் நின்றான், முதலில் உதிர்த்த சொல் யாது, அதன் எழுத்துக்கள் எத்தனை என்பனவெல்லாம் கணக்கிடப்பட்டன. கடித்த நாள், நட்சத்திரம், கடியுண்ட உறுப்பு ஆகியனவும் அவ்வாறே. இவற்றை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் வைத்தியனின் நிலையிலிருந்து நோக்கின் இதன் சமூகப் பயன் விளங்கும்: நோயாளியைக் காணுமுன்னரே, ஏற்பதா மறுப்பதா என்று அவன் முடிவு செய்யவேண்டியிருந்தது. தன் கையில் ஒருவன் இறந்தால் வைத்தியனின் புகழும் இறக்கும். தூத இலக்கணம் அவனுக்கு மறுக்கும் உரிமையை வழங்கியது. அவ்வுரிமைக்கு விலை கொடுத்தவன் நோயாளி.

அம்மரபு முழுவதும் குறி பார்த்தலாக இருந்ததெனக் கூறுதல் பொருந்தாது. அதே சுசுருத சங்கிதையின் கற்பத்தானம் கடியைப் பல்லாழப் பதிந்தது, கீறியது, விடமற்றது என்று வகுக்கிறது. பாம்பு கடித்தும் நஞ்சு ஏறாதிருக்கலாம் என்ற அறிவு அன்றே இருந்தமைக்கு இது சான்று. நஞ்சு உடலிற் பரவும் நிலைகளை ஏழு வேகங்களாகப் பகுத்து, ஒவ்வொரு வேகத்துக்கும் குறிகளைச் சொல்லும் பகுதி இன்றைய மருத்துவர் நோயின் கடுமையைப் படி வகுக்கும் முறைக்கு நெருங்கியதே. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கடியுண்டவனுக்கு வேப்பிலையையோ சிறியாநங்கையையோ மெல்லக் கொடுத்துக் கசப்புத் தெரிகிறதா எனக் கேட்பர். மிளகின் காரம் உணரப்படுகிறதா எனவும் வினவுவர். கசப்புத் தெரியாவிட்டால் விடம் ஏறிவிட்டது என்பது முடிவு. இதன் நம்பகத்தன்மை வேறு விடயம். நோயாளியின் உடலையே சாட்சியாக அழைக்கும் நோக்கு இதில் உண்டு என்பதே ஈண்டு கவனிக்கற்பாலது. இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து தோட்டங்களுக்கு வந்த மக்கள் இப்பழக்கங்களையும் தம்மோடு கொணர்ந்தனர். மந்திரிப்பவர் லயத்திலேயே இல்லாதபோது, தோட்டத்தை அடுத்த சிங்களக் கிராமத்து விஷ வைத்தியரை நாடினர். மொழியும் சமயமும் வேறாயிருந்தும் இவ்விடத்தில் இரு மக்களும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர் என்பது இம்மாகாணத்தின் சமூக வரலாற்றில் அதிகம் எழுதப்படாத ஒரு செய்தி.

இலங்கையிற் பாம்பு நஞ்சின் விளைவைச் சோதனை மூலம் அறிய முயன்றவர்களுள் முற்பட்டவர் ஜோன் டேவி. வேதியியலறிஞர் ஹம்பிரி டேவியின் தம்பியாகிய இவர் படை மருத்துவராக 1816 முதல் 1820 வரை இத்தீவில் இருந்தார். 1821இல் வெளியான அவரது நூல் கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சியை அடுத்த ஆண்டுகளின் உள்நாட்டு நிலையை விவரிப்பதற்காகப் பெயர் பெற்றது. அதிற் பாம்புகளைப் பற்றிய பகுதியை வரலாற்று மாணவர் பொதுவாகக் கடந்து சென்றுவிடுவர். நாகம், தித் பொலங்கா எனப்படும் கண்ணாடி விரியன், அவர் கரவில்லா என்று குறித்த சிறு பாம்பு ஆகிய மூன்றையும் கோழி முதலிய பிராணிகளைக் கடிக்கச் செய்து, கடித்த நேரத்தையும் குறிகள் தோன்றிய நேரத்தையும் இறந்த அல்லது தேறிய நேரத்தையும் அவர் குறித்துவைத்தார். அவருடைய கரவில்லாவே இன்றைய கோப்பி விரியன் என்பது பின்வந்தோர் துணிபு. மூன்றனுள் இதன் நஞ்சு மென்மையானது, வலியும் வீக்கமுமே பெரிதும் விளையும் என்பது அவர் கண்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்முடிவு அசையாது நின்றது. கோழியின் உடலிற் கண்டதை மனிதனின் சிறுநீரகத்துக்கும் பொருத்தலாமா என்ற வினா நெடுங்காலம் எழவில்லை.

விஷக்கல்லையும் டேவி விட்டுவைக்கவில்லை. கடிவாயில் ஒட்டி நஞ்சை உறிஞ்சும் எனப் புகழப்பட்ட கற்கள் சிலவற்றை ஆராய்ந்து, ஒன்று கருகிய எலும்பு, ஒன்று சுண்ணம், மற்றொன்று விலங்கின் வயிற்றில் உருவாகும் கல் என்று கண்டார். எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் 1854ஆம் ஆண்டு பிந்தனைக்கு அருகே காட்டுவழியில் அவருடைய நண்பர் கண்ட ஒரு நிகழ்ச்சி உண்டு. இரு தமிழருள் ஒருவர் நாகத்தைக் கையாற் பிடிக்க, அது அவர் விரலைக் கடித்தது; மற்றவர் கற்களை எடுத்துக் கடிவாயில் வைத்தார்; அவை சில நிமிடம் ஒட்டிக்கிடந்து வீழ்ந்தன; கடியுண்டவர் நலமாக நடந்து சென்றார். டெனன்ட் ஒரு கல்லை மைக்கேல் பரடேக்கு அனுப்பினார். கருகிய எலும்பு என்றே பரடேயும் விடையிறுத்தார்.

கல் வெறும் எலும்பாயின் அந்தத் தமிழர் பிழைத்தது எவ்வாறு? இவ்விடத்திலேதான் விளைவறிதலின் முழுச் சிக்கலும் அடங்கியுள்ளது. நாகம் கடிக்கும் போதெல்லாம் நஞ்சைச் செலுத்துவதில்லை. நஞ்சேறாக் கடியில் எதை வைத்தாலும் நோயாளி பிழைப்பான். வைத்த பொருள் புகழ் பெறும். எந்தக் கடியில் நஞ்சு ஏறிற்று என்று முன்கூட்டி அறியும் வழி இல்லாதவரை எந்த மருந்தையும் மெய்யென்றோ பொய்யென்றோ நிறுவ இயலாது. தமிழ்நாட்டிலே இதனை நேரிற் சந்தித்தவர் பற்றிக் ரசல். சென்னை அரசாங்கத்தின் இயற்கையியலாளராக விளங்கிய இவர் 1796இல் இந்தியப் பாம்புகளைப் பற்றிய பெருநூலின் முதற் பகுதியை வெளியிட்டார். அக்காலத்தில் தஞ்சாவூர் மாத்திரை என்ற பாம்புக்கடி மருந்து கும்பனியாரிடையே பெரும் பெயர் பெற்றிருந்தது. பாடாணமும் இரசமும் சேர்ந்த அம்மாத்திரையை நாய், கோழிகளிற் பாம்பைக் கடிக்கவிட்டு அவர் சோதித்தார். பாம்புக்குப் பாம்பு, கடிக்குக் கடி நஞ்சின் அளவு வேறுபடுதலைக் கண்டு அதன் புகழை ஐயத்துடனேயே நோக்கினார். கண்ணாடி விரியன் இன்று ஆங்கிலத்தில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

கோப்பி விரியன் என்ற பெயருக்கு இனி வரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்கள் மத்திய மலைநாட்டைக் கடந்து இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளுக்கும் பரவின. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அடுத்த இரு தசாப்தங்களில் அழித்தொழித்தது. அவ்விடத்தைத் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தாழ்நிலங்களில் இறப்பரும் பிடித்தன. கோப்பிச் செடி போய்விட்டது. அதனடியிற் கிடந்த பாம்புக்குத் தொழிலாளர் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. இதனை மொழியிற் படிந்த ஒரு தொழில் வரலாற்றுச் சுவடு எனக் கொள்வது மிகையாகாது.

1872ஆம் ஆண்டின் சட்டம் பெருந்தோட்ட மாவட்டங்களில் மருத்துவ வசதி அளிக்க வழிகோலியது. 1912ஆம் ஆண்டின் மருத்துவ தேவைகள் கட்டளைச் சட்டம் அதனை விரிவாக்கியது. ஆனால் அச்சட்டங்களுக்குப் பின்னிருந்த அச்சம் வாந்திபேதியும் அம்மையுமே, பின்னர் கொக்கிப்புழு. கூட்டம் கூட்டமாகத் தொழிலாளரை அள்ளிச் செல்லும் நோய் துரைமாரின் கணக்கேட்டைப் பாதித்தது. தனியொருவனைக் கடிக்கும் பாம்பு அவ்வாறு பாதிக்கவில்லை.

தோட்டத்து வைத்தியரிடம் இருந்த அறிவோ அக்காலத்து உலக அறிவேயன்றி வேறன்று. அந்த உலக அறிவும் தடுமாறிக்கொண்டே இருந்தது. ஜோசப் பேயரர் 1872இல் இந்திய நச்சுப் பாம்புகளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டபோது எண்ணிறந்த மருந்துகளைச் சோதித்து ஒன்றும் பயனில்லை எனக் கண்டிருந்தார். அவரே 1904இல் லோடர் பிறண்டன், லெனாட் றொஜேர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, கடிவாயைக் கீறிப் பொட்டாசியம் பேர்மங்கனேற்றைத் தேய்க்கும் முறையை ஆதரித்தார். மரப்பிடியுள் மருந்தை அடைத்த சிறு கத்தியொன்று இதற்கென்றே உருவாக்கப்பட்டு இந்தியாவிற் பரவலாக வழங்கப்பட்டது. கட்டு, கீறு, உறிஞ்சு, தேய் என்ற நான்கு கட்டளைகளும் முதலுதவி நூல்களில் நெடுங்காலம் இடம்பிடித்தன. நஞ்சேறாத கடியையும் இவை காயமாக்கின. இரத்தம் உறையா நிலையில் கீறிய காயம் நில்லாது ஒழுகியது. இறுகக் கட்டிய கயிறு விரலின் இரத்தவோட்டத்தை நிறுத்தியது. பின்னர் அழுகிய விரலைக் கண்டு, நஞ்சு கடுமையானது என்று எல்லோரும் தீர்மானித்தனர். அழிவில் நஞ்சின் பங்கு எவ்வளவு, கயிற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய ஒருவராலும் இயலவில்லை. விளைவைக் கணிக்கும் முயற்சியை இதனினும் கெடுக்கத்தக்க சிகிச்சை வேறொன்று இருந்திராது.

அல்பேர் கல்மெற் 1894-95ஆம் ஆண்டுகளில் நச்செதிர்ச் சீரத்தை உருவாக்கியது உண்மையான திருப்பம். நாகத்தின் நஞ்சை எதிர்க்கும் சீரம் எல்லாப் பாம்புக்கும் ஆகும் என்று அவர் முதலிற் கருதினார். அவுஸ்திரேலியப் பாம்புகளைக் கொண்டு சாள்ஸ் மார்ட்டினும், இந்தியப் பாம்புகளைக் கொண்டு ஜோர்ஜ் லாமும் அக்கருத்தைத் தகர்த்தனர். ஒவ்வொரு நஞ்சுக்கும் அதற்குரிய சீரமே வேண்டும் என்பது நிலைநாட்டப்பட்டது. அதன்பின் 'எந்தப் பாம்பு' என்ற வினா விளைவறிதலின் தலைவாசலாயிற்று. பிராங்க் வோல் 1921இல் கொழும்பில் வெளியிட்ட இலங்கைப் பாம்புகள் பற்றிய நூல் இவ்வினாவுக்கு விடை காண்பதற்குப் பெருந்துணை புரிந்தது. இலங்கை நீண்டகாலமாகப் பயன்படுத்தி வருவது இந்தியாவில் ஆக்கப்படும் பல்லினச் சீரம். அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கன் நஞ்சுக்கு எதிரானது. அதற்கான நஞ்சிற் பெரும் பகுதி 1978 முதல் செங்கற்பட்டுக் கரையோரத்து வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருவது. இருளர் பிடித்த பாம்பின் நஞ்சு குதிரையின் உடல் வழியாகச் சீரமாகி, கடல் கடந்து இரத்தினபுரியில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் நரம்பில் ஏறுகிறது. எனினும் இலங்கைக் கண்ணாடி விரியனின் கடியில் இந்தியாவிற் பெரிதும் காணப்படாத நரம்புக் குறிகளும் தோன்றுகின்றன, கண்ணிமை தாழ்கிறது. கோப்பி விரியனோ அந்த நால்வகையுள் இல்லவே இல்லை.

சீரமும் தீங்கற்றதன்று. குதிரைப் புரதத்தை ஏற்காத உடல் நடுங்கும், மூச்சு இறுகும், சிலவேளை உயிருக்கே ஆபத்து நேரும். இலங்கையில் இவ்வெதிர்விளைவு மிகுதி. சிறிதளவு அதிரினலினை முன்கூட்டியே ஏற்றி இதனைக் குறைக்கலாம் என்பதை 1999இலும் 2011இலும் வெளியான இலங்கை ஆய்வுகள் காட்டின. ஆகவே நஞ்சேறாதவனுக்கும், சீரம் பயன்படாத பாம்பு கடித்தவனுக்கும் அதனை ஏற்றுவது வீணான ஆபத்து. கண்ணாடி விரியன் கடித்தவனுக்கு ஏற்றத் தாமதிப்பது அதனினும் பெரிய ஆபத்து. இவ்விரண்டிற்கும் இடையே மருத்துவர் துணியவேண்டும்.

அத்துணிவுக்கு உதவியது விலையற்ற ஒரு கருவி: கழுவித் துடைத்த கண்ணாடிக் குழாய். நைஜீரியாவில் சுருட்டை விரியன் கடியை ஆராய்ந்த டேவிட் வாரல் முதலியோர் 1970களிற் கையாண்ட எளிய உறைதற் சோதனையிலிருந்து வளர்ந்தது இது. நோயாளியின் இரத்தத்தில் இரண்டு மூன்று மில்லிலீற்றரைக் குழாயில் இட்டு, இருபது நிமிடம் அசையாது வைத்துச் சரித்துப் பார்க்கவேண்டும். உறையாது ஓடினால் விரியனின் நஞ்சு உடலினுள் உண்டு. மின்சாரமோ விலையுயர்ந்த பொறியோ வேண்டா. தோட்டத்து மருந்தகத்திலும் செய்யலாம். பிளாஸ்ரிக் குழாயிலும் சவர்க்காரத்தாற் கழுவிய குழாயிலும் இது பொய்க்கும். கண்ணாடி விரியன் கடியில் நஞ்சேறிய சிலரை இச்சோதனை தவறவிடுவதையும் இலங்கை ஆய்வாளர் பின்னர் எடுத்துக்காட்டினர். ஆகவே ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புதல் கூடாது, மணிக்கணக்கிற் கண்காணித்து மீண்டும் மீண்டும் பார்த்தல் வேண்டும் என்பது விதியாயிற்று. தூதனின் முகத்தைப் பார்த்துச் சொன்ன முடிவு ஒருமுறைச் சொல். இதுவோ நோயாளியோடு கூடவே நடப்பது.

டேவி மென்மையானது என்று விட்ட கோப்பி விரியன் இக்கண்காணிப்பிலேதான் தன் மறுபக்கத்தைக் காட்டியது. நாட்டின் பல வைத்தியசாலைகளில் நச்சுப் பாம்புக் கடிகளுள் மிகுதியானவை இதனுடையவே. பெரும்பாலானோருக்கு வலி, வீக்கம், கொப்புளம் ஆகியவற்றோடு முடிந்துவிடும். சிறு பகுதியினருக்கு இரத்தம் உறையும் தன்மை கெட்டுச் சிறுநீரகமும் பழுதடைவது தெரியவந்தது, மரணங்களும் பதிவாயின, பேராதனை மருத்துவப் பேராசிரியர் எஸ். ஏ. எம். குலரத்ன முதலியோர் இதனை வற்புறுத்தினர். சிலரிடம் சிறுநீரகப் பழுது நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது. 2009இல் நடந்த மறுவகைப்பாடு இதனை மூன்று இனங்களாகப் பிரித்து, அவற்றுள் இரண்டு இலங்கைக்கே உரியவை என நிறுவியது. அவ்விரண்டும் ஈரவலயத்தவை. யாருக்குச் சிறுநீரகம் கெடும், யாருக்கு விரலோடு நிற்கும் என்பதைக் கடித்த அன்றே கூறவல்ல குறியொன்றும் உறுதியாகக் கிட்டவில்லை.

விரலோடு நிற்பதும் சிறிய காரியமன்று. கடிவாயைச் சுற்றித் தோல் கறுத்து, கொப்புளித்து, தசை இறக்கிறது. இறப்பு எவ்வளவு தூரம் செல்லும்? இவ்வினாவைத் தோட்டத்து வெப்பத்துக்கு நேர்மாறான பனிநாட்டு மருத்துவரும் கேட்டு வந்துள்ளனர். 1812இல் நெப்போலியனின் படை உருசியாவிலிருந்து பின்வாங்கியபோது பனிக்கடியால் கறுத்த கால்களைக் கண்ட படை மருத்துவர் லரே, நெருப்பருகே காய்ந்தோரின் கால்கள் மேலும் கெடுவதைக் கவனித்து, பனியாற் தேய்க்குமாறு பணித்தார். அவர் கவனித்தது சரி, பணித்தது தவறு. அத்தவறு நூறாண்டுக்கு மேல் நீடித்து, உடற்சூட்டளவான வெந்நீரில் உறுப்பை விரைந்து உருக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இடம்பிடித்தது. கறுத்த விரல் முழுவதும் இறந்ததன்று. உயிருள்ள தசைக்கும் இறந்த தசைக்கும் இடையிலான கோடு தெளிவாகத் தோன்ற வாரங்களும் மாதங்களும் செல்லும். அதுவரை கத்தியை எடுக்கலாகாது என்பது அவர்கள் கற்ற பாடம். 2001இல் பிரான்சின் சமோனி மலைநகரில் எமானுவேல் கோஷி என்பார், காயத்தின் எல்லை முதல்நாளில் விரலின் எக்கணு வரை எட்டியுள்ளது என்பதையும் கதிரியக்கப் படத்தையும் கொண்டு, இழப்பை முன்கூட்டியே கணிக்கும் முறையை வகுத்தார். நஞ்சுக் காயம் பனிக்கடியைப் போன்று உலர்ந்து நிற்பதில்லை; அழுகி, கிருமி தொற்றி, மேலேறும் இயல்பினது. ஆதலால் பொறுத்திருத்தல், உரிய நேரத்தில் இறந்த தசையை அகற்றுதல் என்ற இரண்டையும் மருத்துவர் மாறி மாறி எடைபோட வேண்டியுள்ளது. எனினும் அடிப்படை ஒன்றே: அவசரப்பட்ட கத்தி உயிருள்ள விரலையும் கொண்டுபோகும்.

கொழுந்து பறிப்பவளுக்குப் பெருவிரலும் சுட்டுவிரலுமே மூலதனம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் அவ்விரு விரல்களுக்கிடையிற் கிள்ளப்படுகின்றன. மாலையில் தராசு காட்டும் நிறை அவ்விரல்களின் வேகம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உறுப்பிழப்புக்களை அட்டவணைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் உழைப்பாற்றல் இழப்பின் விகிதத்தை நிர்ணயித்தது. வெட்டப்பட்ட விரலுக்கு அட்டவணையில் இடம் உண்டு. வெட்டப்படாது விறைத்து மடங்காதுபோன விரல் அட்டவணையுள் அடங்காது. அதன் இழப்பை மருத்துவர் மதிப்பிட்டுச் சான்று கூறவேண்டும். இவ்விடத்தில் விளைவறிதல் வைத்தியசாலையைக் கடந்து நியாய மன்றின் வாசலுக்கு வந்துவிடுகிறது. சான்று பெறுவதற்கு மொழி வேண்டும், பலமுறை நகருக்குச் சென்று வரப் பணமும் விடுமுறையும் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின்பின் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின்பின் யார் எப்பொழுது கப்பலேறுவர் என்று தெரியாதிருந்த ஒரு மக்கட் கூட்டம் ஒரு விரலின் வளைவுக்காக வழக்காடியிருக்கும் என எதிர்பார்ப்பது வரலாற்று உணர்வுக்கு ஒவ்வாதது. சப்பிரகமுவத் தோட்டத் தமிழர் சிதறிய சிறுபான்மையினராய்ச் சிங்களக் கிராமங்களிடையே வாழ்ந்தமை இதனை மேலும் கடினமாக்கியது.

2012, 2013ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் வீடுவீடாக நடத்தப்பட்டு 2016இல் வெளியான மதிப்பீடு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகளும், அவற்றுள் 30,000 நஞ்சேறியனவும், 400க்கு மேற்பட்ட மரணங்களும் நிகழ்வதாகக் கணித்தது. வைத்தியசாலைப் பதிவேடுகள் காட்டும் தொகையினும் இது மிகுதி. பதிவேட்டுக்கு வராதோர் எங்கே சென்றனர் என்பது தோட்டத்தையும் கிராமத்தையும் அறிந்தோர் ஊகிக்கத்தக்கதே. 80,000க்கும் 30,000க்கும் இடையிலுள்ள அந்தப் பெரிய இடைவெளியிலேதான் விஷக்கல்லும் தஞ்சாவூர் மாத்திரையும் மந்திரமும் தம் புகழைத் தேடிக்கொண்டன.

கோப்பி விரியனின் நஞ்சையும் சேர்த்து இலங்கைக்கென்றே ஒரு சீரம் ஆக்கும் முயற்சியில் பேராதனைப் பல்கலைக்கழகமும் கொஸ்ரா ரிக்காவின் குளொடோமிரோ பிக்காடோ நிறுவனமும் ஓர் அமெரிக்க அமைப்போடு இணைந்து ஈடுபட்டன. அதன் ஆய்வுகூடச் சோதனை முடிவுகள் 2016இல் வெளியாயின. இலங்கைப் பாம்புகளிலிருந்தே நஞ்சு எடுக்கப்பட்டமை அதன் சிறப்பு. மருத்துவமனைகளில் வழக்கமாகக் கையாளப்படுவது இந்தியச் சீரமே. ஆகவே தோட்டத்திலிருந்து லொறியில் கொண்டுவரப்படும் நோயாளியோடு, அடித்துக் கொன்ற பாம்பையும் ஒரு பையிலிட்டு உறவினர் கொண்டுவருகின்றனர். இளம் கண்ணாடி விரியனும் கோப்பி விரியனும் நசுங்கிய நிலையில் ஒன்றுபோலத் தோன்றுவதுண்டு. அவற்றைப் பிரித்தறிய வல்ல கண் அந்த இரவில் கடமையிலிருக்கும் இளம் மருத்துவரிடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே சீரம் ஏறுவதும் ஏறாததும் அமைகிறது.